ஓடாத டெஸ்ட்டுக்குப் பச்சை விளக்கு எதற்கு?

வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் டெஸ்ட் (எழுதிய கோடு சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சின்னப் புரோகிராம்) எழுதுவதைப் பற்றிச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, எழுதிய டெஸ்ட்டை ஓட்டாமல் இருப்பது எப்படி என்று கேட்கின்றன! கோபமில்லை. எதை எப்போது ஓட்ட வேண்டாம் என்று தெரியாதவர்கள்தான் ஒருநாள் மொத்தத்தையும் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கட்டளைகளை நாம் வாயால் சொல்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

மேடம், எங்கள் பைத்தான் ப்ராஜெக்ட்டில் எல்லா டெஸ்ட்டும் ஓடி முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் கை வைப்பது ரீஃபண்ட் பகுதியில் மட்டும். அதனால் மற்ற டெஸ்ட்களை கமெண்ட் செய்துவிட்டு ஓட்டுகிறேன். சில சமயம் கமெண்ட்டை எடுக்க மறந்து, டீமின் பொதுக் கோடில் அப்படியே மெர்ஜ் ஆகிவிடுகிறது. டீம் லீட் திட்டுகிறார். வேறு வழி உண்டா?
— டெவலப்பர், ஓசூர்

லீட் திட்டியதில் தப்பில்லை. வழியைச் சொல்லிவிட்டுத் திட்டியிருக்கலாம்.

கமெண்ட் போட்ட டெஸ்ட் வெறும் குறிப்பாகிவிடும், எந்தக் கணக்கிலும் வராது. ஓட்டி முடித்ததும் பைடெஸ்ட் (பைத்தானில் டெஸ்ட்களை ஓட்டும் கருவி) கடைசி வரியில் இத்தனை பாஸ், இத்தனை ஃபெயில், இத்தனை ஸ்கிப் என்று சொல்கிறதே, அந்த வரிக்குக் கமெண்ட் போட்டது தெரியவே தெரியாது. உங்களுக்கு வேண்டியது இன்று சாயங்காலம் வரைக்கும் ஒரு சௌகரியம். நீங்கள் செய்வதோ கோப்பையே திருத்துவது, அதுவும் டீமில் இருக்கும் எல்லோருக்குமாக. தேவை உங்கள் டெர்மினலோடு முடிகிறதென்றால் நிறுத்துவதும் டெர்மினலோடு முடியட்டும்.

கோப்பின் பெயரைக் கொடுத்தால் அந்தக் கோப்பு மட்டும் ஓடும்: பைடெஸ்ட் டெஸ்ட்ஸ்/டெஸ்ட்_ரீஃபண்ட்.பிஒய். அதற்குள் ஒரே ஒரு டெஸ்ட் போதுமா? கோப்பின் பெயரோடு ஒட்டி, இடைவெளி விடாமல், இரண்டு முக்காற்புள்ளி (::) போட்டு டெஸ்ட்டின் பெயரை எழுதுங்கள். நடுவில் கிளாஸ் இருந்தால் அதன் பெயருக்கும் அதே இரட்டை முக்காற்புள்ளி. இந்த முழு முகவரியை நீங்கள் தட்டவே வேண்டாம். ஃபெயில் ஆனதும் கடைசியில் வருகிற சுருக்கத்தில் பைடெஸ்ட்டே அதை அச்சடித்துக் கொடுக்கிறது, அங்கிருந்து காப்பி எடுத்து ஒட்டினால் போதும்.

அடுத்தது -கே. பெயரில் ஒரு துண்டைக் கொடுத்தால் அது வருகிற இடத்தையெல்லாம் பிடிக்கும். -கே "ரீஃபண்ட் அண்ட் நாட் பார்ஷியல்" என்று அண்ட், ஆர், நாட், அடைப்புக்குறி எல்லாம் போட்டு எழுதலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. ஆனால் இது டெஸ்ட்டின் பெயரோடு நிற்பதில்லை. கிளாஸின் பெயரையும் கோப்பின் பெயரையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. டெஸ்ட்_ரீஃபண்ட் என்ற கோப்புக்குள் இருந்துகொண்டு -கே "நாட் ரீஃபண்ட்" என்று கொடுத்தால், பெயரில் ரீஃபண்ட் இல்லாத டெஸ்ட்களும் சேர்ந்தே போய்விடும். அதேபோல "பே" என்று தேடினால் பேமென்ட்டும் வரும், பேரோலும் வரும். அதனால் -கே கொடுக்கும்போதெல்லாம் முதலில் --கலெக்ட்-ஒன்லி சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எதையும் ஓட்டாமல், எவையெவை ஓடப்போகின்றன என்ற பட்டியலை மட்டும் காட்டும். கூடவே -க்யூ கொடுத்தால் ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு வரியாக வரும்.

நிரந்தரமான பிரிவுகளுக்குப் பெயரை நம்ப வேண்டாம், மார்க்கர் போடுங்கள். டெஸ்ட்டின் தலைமேல் @பைடெஸ்ட்.மார்க்.ஸ்லோ என்று ஒரு வரி. பிறகு பைடெஸ்ட் -எம் "நாட் ஸ்லோ" என்றால் மெதுவானவை ஒதுங்கும், -எம் ஸ்லோ என்றால் அவை மட்டும் ஓடும். மார்க்கர் பெயர்களை பைடெஸ்ட்.ஐஎன்ஐ கோப்பில் மார்க்கர்ஸ் என்ற தலைப்பின் கீழ் பதிந்துவையுங்கள். --ஸ்ட்ரிக்ட்-மார்க்கர்ஸ் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஸ்லோவுக்குப் பதில் "ஸ்லௌ" என்று தட்டியிருப்பார். பைடெஸ்ட் ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். நம் ஊரில் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

உங்கள் டீமில் தினசரி ஓட்டத்தில் ஸ்லோ வேண்டாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால், அதே ஐஎன்ஐ கோப்பில் ஆட்ஆப்ட்ஸ் வரியில் -எம் "நாட் ஸ்லோ" போட்டுவிடலாம். அந்த வரியில் இருப்பது நீங்கள் தட்டுவதற்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு -எம் வந்தால் பின்னால் வந்ததுதான் செல்லும். ஆகவே ராத்திரி ஓட்டத்தில் -எம் ஸ்லோ என்றோ, எல்லாமே வேண்டுமென்றால் -எம் "" என்று வெறும் மேற்கோள் குறி கொடுத்தோ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த ராத்திரி ஓட்டம் நிஜமாகவே அமைந்த பிறகு இதைச் செய்யுங்கள். "ராத்திரி ஓடும்" என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, ராத்திரி ஓட்டத்தை யாரும் அமைக்காத டீம்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசி வரியில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பாருங்கள். டீசெலக்டட் என்றால் நீங்கள் வெளியிலிருந்து, கமாண்ட் வரியில், வேண்டாம் என்று சொன்னது. ஸ்கிப்டு என்றால் டெஸ்ட்டே தன்மேல் எழுதிவைத்திருக்கும் காரணத்தால் ஒதுங்கியது. முதலாவது உங்கள் கையில் இருக்கிறது, அடுத்த தடவை தட்டும்போது தானே போய்விடும். இரண்டாவது கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதன் காரணத்தைப் பார்க்க -ஆர்எஸ் கொடுங்கள். ஒவ்வொரு ஸ்கிப்புக்கும் எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன காரணம் என்று வரிசையாக வரும். நான் ஒரு டீமுக்குப் போய் உட்கார்ந்ததும் முதலில் ஓட்டுவது இதைத்தான். "பிறகு பார்க்கலாம்", "தற்காலிகம்", "சர்வர் டவுன்" என்று வரும் காரணங்களை வாசித்தாலே அந்த டீமின் ஜாதகம் தெரிந்துவிடும்.

அந்தத் தற்காலிகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில், பெயர் வேண்டாம், வட்டிக் கணக்குக்கு ஒரு டெஸ்ட் இருந்தது. பிப்ரவரி 29 அன்று கணக்கு சரியாக வருகிறதா என்று பார்ப்பது. 2016இல் யாரோ அதை கமெண்ட் செய்து, மேலே "டெம்பரரி" என்று எழுதிவைத்தார். 2020 பிப்ரவரி கடைசியில் வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தது. நடுவில் அந்தக் கோப்பைத் திறந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் எந்த ரிப்போர்ட்டிலும் அது இல்லை. ஸ்கிப் போட்டிருந்தால் நான்கு வருஷமும் தினம் ஒருமுறை தன் பெயரைச் சொல்லிக்கொண்டாவது இருந்திருக்கும். லைன்மேன் ஃபியூஸைக் கழற்றினால் பெட்டியில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுத்தான் கம்பம் ஏறுவார். டெஸ்ட்டை நிறுத்துபவரிடம் நான் கேட்பதும் அந்த அட்டையை மட்டும்தான்.

ஒன்று விட்டுப்போனது. --எல்எஃப் கொடுத்தால் போன தடவை ஃபெயில் ஆனவை மட்டும் ஓடும். --எஃப்எஃப் என்றால் அவை முதலில் ஓடி, மற்றவை பின்னால் வரும். போன தடவை எதுவுமே ஃபெயில் ஆகவில்லை என்றால் --எல்எஃப் மொத்தத்தையும் ஓட்ட ஆரம்பித்துவிடும். காபியோடு உட்கார்ந்து முழிக்க வேண்டாம்.

பைடெஸ்ட் கட்டளை, டீமில் லினக்ஸ் வைத்திருப்பவருக்கு ஓடுகிறது. அதே வரியை என் விண்டோஸில் ஒட்டினால் "ஸ்லோ என்ற கோப்பைக் காணோம்" என்கிறது. நான் கோப்பே கேட்கவில்லையே?
— வாசகி, சேலம்

அவர் ஒற்றை மேற்கோளில் 'நாட் ஸ்லோ' என்று அனுப்பியிருப்பார். விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு ஒற்றை மேற்கோள் ஒரு குறியே இல்லை, சாதாரண எழுத்து. அதனால் 'நாட் ஒரு துண்டாகவும் ஸ்லோ' இன்னொரு துண்டாகவும் போய், இரண்டாவதை பைடெஸ்ட் கோப்பின் பெயர் என்று நினைத்துத் தேடுகிறது. இரட்டை மேற்கோள் போடுங்கள், இரண்டு பக்கமும் ஓடும்.

விண்டோஸின் புதிய கமாண்ட் திரையான பவர்ஷெல்லில் இருப்பவர்களுக்கு வேறு தலைவலி. மேவனுக்கு (ஜாவா கோடை கம்பைல் செய்து பில்ட் எடுக்கும் கருவி) -டிமேவன்.டெஸ்ட்.ஸ்கிப்=ட்ரூ என்று தட்டினால் முதல் புள்ளியிலேயே பவர்ஷெல் வரியை இரண்டாக வெட்டிவிடும். மேவன், ".டெஸ்ட்.ஸ்கிப்=ட்ரூ" என்று ஒரு கட்டமே எனக்குத் தெரியாதே என்று புலம்பும். முழுவதையும் மேற்கோளுக்குள் வையுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஒரே டெஸ்ட் பல மதிப்புகளோடு ஓடும்போது பெயரின் வாலில் சதுர அடைப்புக்குறி வரும். அதை அப்படியே ஒட்டினால், டெர்மினலில் கட்டளையை முதலில் வாங்கும் இசட்-ஷெல் அதைக் கோப்புத் தேடல் என்று எடுத்துக்கொண்டு "பொருத்தமாக எதுவும் இல்லை" என்று சொல்லிவிடும். அதற்கும் மருந்து மேற்கோள்தான். லினக்ஸில் வழக்கமான பேஷ் ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள் ஆச்சரியக்குறி வைத்தால் பழைய கட்டளைகளைத் தேடக் கிளம்பிவிடும். அங்கே ஒற்றை மேற்கோள் நல்லது.

டெஸ்ட் தேர்வில் வருகிற குழப்பங்களில் பாதி டெஸ்ட் கருவியுடையதே அல்ல. வரி அதன் கைக்குப் போகும் முன்பே ஷெல் கடித்துத் துப்பியிருக்கும்.

ஜாவா ப்ராஜெக்ட். ரிலீஸ் நாளில் "ஸ்கிப் டெஸ்ட்ஸ் போட்டு பில்ட் எடுங்கள்" என்கிறார் மேனேஜர். ஒருவர் -டிஸ்கிப்டெஸ்ட்ஸ் என்கிறார், இன்னொருவர் -டிமேவன்.டெஸ்ட்.ஸ்கிப்=ட்ரூ என்கிறார். இரண்டும் ஒன்றுதானே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

இல்லை. -டிஸ்கிப்டெஸ்ட்ஸ் கொடுத்தால் டெஸ்ட் கோடு கம்பைல் ஆகும், ஓடாது. மேவன்.டெஸ்ட்.ஸ்கிப் கொடுத்தால் கம்பைலே ஆகாது. முதலாவதில், மெயின் கோடில் ஒரு மெத்தடின் பெயரை மாற்றி டெஸ்ட்டில் மாற்றாமல் விட்டிருந்தால் பில்ட் அங்கேயே உடைந்து காட்டிக்கொடுக்கும். இரண்டாவதில் அந்தக் கடைசிக் காவலும் போயிற்று. இன்னொரு வம்பும் உண்டு. ஒரு மாட்யூலின் டெஸ்ட் கோடை ஜாராக (ஜாவா கோடின் மூட்டை) கட்டி வேறு மாட்யூல் பயன்படுத்துகிறதென்றால், இரண்டாவது கொடியில் (சிறுகோட்டில் தொடங்கும் இந்தச் சொல்லைத்தான் கொடி என்கிறோம்) அந்த ஜாரும் உருவாகாது. பிறகு சம்பந்தமில்லாத இடத்தில் "டிபெண்டன்சி கிடைக்கவில்லை" என்று அலறும். கட்டாயம் நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் முதலாவதைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் மேனேஜரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், பணிவாகத்தான்: மற்ற நாளெல்லாம் ஓட்டிவிட்டு, வாடிக்கையாளர் கைக்குப் போகிற அன்று மட்டும் ஏன் ஓட்டுவதில்லை? பதில் "நேரமில்லை" என்று வந்தால், நேரம் தின்பவற்றை மட்டும் நிறுத்த ஜாவாவில் வழி இருக்கிறது. ஜாவாவின் டெஸ்ட் கருவியான ஜேயூனிட் 5இல் மெதுவானவற்றுக்கு @டேக் போடுங்கள், பில்டில் -டிஎக்ஸ்க்ளூடட்க்ரூப்ஸ்=ஸ்லோ கொடுங்கள். அவை மட்டும் வேண்டும்போது -டிக்ரூப்ஸ்=ஸ்லோ. ஒரே மெத்தட் போதுமென்றால் -டிடெஸ்ட்=, கிளாஸின் பெயர், ஒரு ஹேஷ் குறி, மெத்தடின் பெயர். பல மாட்யூல் இருந்தால் இந்தக் கடைசி வழியில் ஒரு தடங்கல் வரும். அந்தப் பெயர் இல்லாத மாட்யூலில் "பொருந்தும் டெஸ்ட் இல்லை" என்று பில்ட் விழும். அப்போது மட்டும் -டிஷ்யூர்ஃபயர்.ஃபெயில்இஃப்நோஸ்பெசிஃபைட்டெஸ்ட்ஸ்=ஃபால்ஸ் சேருங்கள். பெயர் ரயில் பெட்டி நீளம் என்று எனக்கும் தெரியும். அதை நிரந்தரமாக மேவனின் போம் கோப்பில் எழுதிவைக்காதீர்கள். பெயரைத் தப்பாகத் தட்டினால் சொல்லிக்காட்டுகிற ஒரே குரல் அந்த "பொருந்தும் டெஸ்ட் இல்லை"தான்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் போகிற விமானத்தில் கென்ட் பெக், எரிக் காமா என்ற இரண்டு புரோகிராமர்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது ஜேயூனிட். அதன் பழைய பதிப்புகளில் மெத்தடின் பெயர் டெஸ்ட் என்று தொடங்கினால்தான் அது டெஸ்ட். அதனால் நிறுத்த வேண்டும் என்றால் பெயருக்கு முன்னால் ஒரு எக்ஸ் போடுவார்கள், அவ்வளவுதான். காணாமல் போய்விடும், எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. 2006இல் நான்காம் பதிப்பில் @இக்னோர் வந்தது. நிறுத்தியதையும் எண்ணிச் சொன்னது. ஐந்தில் அதன் பெயர் @டிஸேபிள்டு. அதற்குள் காரணம் எழுத இடம் இருக்கிறது. வெறுமனே விட்டால் கம்பைலர் கேட்காது, நான் கேட்பேன்.

பெரிய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்களில் ஆயிரக்கணக்கில் டெஸ்ட் இருக்குமே, அவர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் ஓட்டுகிறார்களா? நாங்கள் கல்லூரி ப்ராஜெக்ட்டில் பின்பற்றலாமா?
— மாணவர், யாழ்ப்பாணம்

நல்ல கேள்வி, தம்பி. யாரும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் ஓட்டுவதில்லை. எதை விட்டோம் என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில்தான் ஒவ்வொருவரின் குணமும் தெரிகிறது.

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் சோர்ஸ் கோடை இறக்கி, டி என்ற ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு டெஸ்ட் ஸ்கிரிப்ட்டுக்கும் நான்கு இலக்க எண். முதல் இலக்கம் குடும்பப் பெயர் மாதிரி: 0 என்றால் அடிப்படை, 4 என்றால் டிஃப் (வித்தியாசம் காட்டுவது) சம்பந்தப்பட்டது, 5 என்றால் புல்லும் (மாற்றங்களை இழுப்பது) அதைச் சார்ந்தவையும், 9 என்றால் கிட்டைச் சுற்றியுள்ள கருவிகள். இந்த ஒழுங்கு இருப்பதால்தான் கிட்_ஸ்கிப்_டெஸ்ட்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் (ஓட்டும் முன் டெர்மினலில் வைக்கும் மதிப்பு) டி91?? என்று எழுதி ஒரு குடும்பத்தையே உட்காரவைக்க முடிகிறது, டி9200.8 என்று எழுதி ஒரு ஸ்கிரிப்ட்டின் எட்டாவது டெஸ்ட்டை மட்டும் நிறுத்த முடிகிறது. ஒரு ஸ்கிரிப்ட்டைத் தனியாக ஓட்டும்போது --ரன்='1,5-8' என்று எண்களைச் சொல்லலாம், ஆச்சரியக்குறி போட்டு ஒன்றை விலக்கலாம். ஆனால் அவர்களுடைய ரீட்மீ கோப்பே எச்சரிக்கிறது: சில டெஸ்ட்கள் முன்னால் ஓடியவை செய்துவைத்த வேலையை நம்பி இருக்கின்றன, இஷ்டத்துக்கு ஒன்றை உருவினால் பின்னால் இருப்பவை விழும். உங்கள் கல்லூரி ப்ராஜெக்ட்டில் இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரே ஒரு டெஸ்ட்டை மட்டும் தனியாக ஓட்டுங்கள். மொத்தமாக ஓடும்போது பாஸ் ஆவது தனியாக ஓடும்போது விழுந்தால், அது பக்கத்து டெஸ்ட்டின் தயவில் வாழ்கிறது. தேர்ந்தெடுத்து ஓட்டும் பழக்கத்தால் கிடைக்கும் இலவச லாபம் இது.

பைத்தான் மொழியையே உருவாக்குகிறவர்கள் வேறு விதமாகப் பிரித்திருக்கிறார்கள். மெதுவா, வேகமா என்று பார்ப்பதை விட, டெஸ்ட்டுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கிறார்கள். நெட்வொர்க் வேண்டுமா, பெரிய கோப்பு எழுத டிஸ்க்கில் இடம் வேண்டுமா, திரை வேண்டுமா, ஒலி வேண்டுமா. இவற்றுக்கு ரிசோர்ஸ் என்று பெயர். பைத்தான் -எம் டெஸ்ட் என்று சும்மா ஓட்டினால் அவை நிற்கும். -யூ நெட்வொர்க் என்றால் அது மட்டும் திறக்கும், -யூ ஆல்,-ஜியூஐ என்றால் திரை வேண்டியதைத் தவிர எல்லாம் திறக்கும். நின்றவை "ரிசோர்ஸ் டினைட்" என்று தனித் தலைப்பில் பெயர் பெயராக வரும். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். ஸ்லோ என்பது ஆளுக்கு ஆள் மாறும் அபிப்பிராயம், நெட்வொர்க் வேண்டும் என்பது உண்மை. மார்க்கர் பெயர் வைக்கும்போது ஸ்லோவை விட டேட்டாபேஸ், நெட்வொர்க், பிரவுசர் என்று வைப்பது நல்லது.

டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி_டெஸ்ட்_எக்ஸ்ட்ரா என்று ஒரு வேரியபிள். எஸ்எஸ்எல், எல்டாப், கெர்பரோஸ் என்ற பாதுகாப்பு, லாகின் முறைகளின் டெஸ்ட்கள் அதில் பெயர் சொன்னால்தான் ஓடும். காரணம் வேகமில்லை. பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் அவற்றை ஓட்டுவது பாதுகாப்பில்லை, அல்லது தனி மென்பொருள் ஏதாவது வேண்டும். "தெரிந்து கேட்டால்தான் தருவேன்" என்ற வகை.

இன்னொரு டேட்டாபேஸான எஸ்கியூலைட்டில் வெரிகுயிக் என்றே ஒரு தொகுப்பு உண்டு. கோடைச் சேர்க்கும் முன்பு ஓட்டுவதற்கு. மெமரி தீர்ந்தால், டிஸ்க் பிழை வந்தால், நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பார்க்கிற டெஸ்ட்களும், கன்னாபின்னா உள்ளீடு கொடுத்துப் பார்க்கிறவையும் அதில் கிடையாது. மணிக்கணக்கில் ஓடுவது சில நிமிடங்களில் முடியும், பெரும்பாலான தவறுகள் அதிலேயே மாட்டிவிடும். மற்றதெல்லாம் வெளியீட்டுக்கு முன்.

சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் கூகுள் டெஸ்ட் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட்டின் பெயருக்கு முன்னால் டிஸேபிள்டு_ என்று சேர்த்தால் அது ஓடாது, ஆனால் கம்பைல் ஆகும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் "உங்களிடம் நிறுத்திவைத்த டெஸ்ட்கள் இத்தனை" என்று கொட்டை எழுத்தில் கத்தும். அந்தக் கத்தலை எப்படி நிறுத்துவது என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். டெஸ்ட்டைச் சரிசெய்தால் நிற்கும் என்றேன்.

தம்பி, உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு இத்தனையும் வேண்டாம். எவை நெட்வொர்க் இல்லாமல் ஓடும், எவை ஓடாது என்று இரண்டாகப் பிரித்தாலே போதும். அங்கே கரண்ட் போகிற நாளில் அருமை தெரியும்.

கோ மொழியில் -ரன் கொடுத்து ஓட்டினேன், ஓகே என்று வந்தது. ரிவ்யூவில் "இது ஓடவே இல்லை" என்கிறார்கள். எப்படி?
— டெவலப்பர், கோயம்புத்தூர்

ஓகே வந்த வரியின் வாலைப் படித்தீர்களா? "நோ டெஸ்ட்ஸ் டு ரன்" என்று சதுர அடைப்புக்குள் இருந்திருக்கும். பெயரைத் தப்பாகத் தட்டினால் கோ அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்றும் ஓடவில்லை, ஆகவே ஒன்றும் ஃபெயில் ஆகவில்லை, ஆகவே ஓகே. தர்க்கம் சரி, உபயோகம் பூஜ்யம். பைடெஸ்ட் இந்த இடத்தில் எக்ஸிட் கோடு (ஓடி முடிந்ததும் சொல்லும் எண், 0 என்றால் வெற்றி) 5 கொடுத்து பில்டையே நிறுத்திவிடும். அதைப் பிடிக்காமல், 5 வந்தால் 0 ஆக்கு என்று ஸ்கிரிப்ட் எழுதிவைக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். ரஸ்ட் மொழியில் கார்கோ டெஸ்ட் கட்டளை "ஃபில்டர்டு அவுட்" என்று வடிகட்டியவற்றின் எண்ணிக்கையைச் சொல்லும். அதையும் கண்ணால் பார்க்க வேண்டும், தானாக நிறுத்தாது.

கோவில் -வி சேர்த்து ஓட்டுங்கள், ஓடிய டெஸ்ட்டின் பெயர் திரையில் வந்தால்தான் நம்புங்கள். -ரன்னுக்குக் கொடுப்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது ஒரு தேடல் வடிவம். பெயரின் நடுவில் பொருந்தினாலும் பிடிக்கும் என்பதால் சரியாக ஒன்றுதான் வேண்டுமென்றால் முன்னால் ^, பின்னால் $. உள்-டெஸ்ட்டுக்குச் சாய்கோடு. விலக்குவதற்கு ரொம்ப காலமாக வழியில்லாமல் இருந்தது, 2023இல் வந்த 1.20இல் -ஸ்கிப் கொடுத்தார்கள். -ஷார்ட் என்ற கொடி தானாக எதையும் நிறுத்தாது. டெஸ்ட்டுக்குள் "ஷார்ட்டா?" என்று நீங்கள் கேட்டு, ஆமென்றால் ஸ்கிப் என்று எழுதியிருக்க வேண்டும். வரியில் "கேஷ்டு" என்று வந்திருந்தால் அது பழைய முடிவு. -கவுண்ட்=1 கொடுத்தால் நிஜமாக ஓடும்.

ஒரு டெஸ்ட் ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில். காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோர் வேலையும் நிற்கிறது. நிறுத்திவிடலாமா அக்கா?
— டெஸ்டர், திருநெல்வேலி

நிறுத்தலாம். அக்கா சொன்னதாகவே சொல்லுங்கள். தினமும் பொய்யாக அழுகிற டெஸ்ட் ஒன்று இருந்தால், பக்கத்தில் உண்மையாக அழுவதையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "ரீரன் கொடு, சரியாகிடும்" என்கிற பேச்சு டீமில் பரவிவிட்டால் அப்புறம் டெஸ்ட்டே தேவையில்லை. இது உங்கள் ஊர் நோய் மட்டுமில்லை. கூகுளே 2016இல் தங்கள் டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்த ஆட்டம் ஓரளவு உண்டு என்று எழுதியது.

நிறுத்துகிற விதத்தில்தான் என் கண்டிப்பு. ஸ்கிப் போடாதீர்கள், ஸ்கிப் போட்டால் எங்கேயும் ஓடாது. ஃப்ளேக்கி (நிலையில்லாதது) என்று ஒரு மார்க்கர் போடுங்கள். மெர்ஜுக்கு முன்னால் ஓடும் பில்டில் -எம் "நாட் ஃப்ளேக்கி". தனியாக இன்னொரு ஜாப், ராத்திரியில், -எம் ஃப்ளேக்கி. அது ஃபெயில் ஆனாலும் யார் வேலையும் நிற்காது, ஆனால் என்றைக்கு, எந்த மெஷினில், எந்த நேரத்தில் விழுந்தது என்ற தடயம் சேர்ந்துகொண்டே இருக்கும். காரணம் அந்தத் தடயத்தில்தான் இருக்கும். ராத்திரி பன்னிரண்டைத் தாண்டும்போது விழுகிறது, இன்னொரு டெஸ்ட்டுக்குப் பின்னால் வந்தால் மட்டும் விழுகிறது என்று எதாவது. மார்க்கர் வரியிலேயே பார்ப்பவர் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். தேதி தாண்டினால் ஒன்று சரிசெய்யுங்கள், இல்லை அழித்துவிடுங்கள். அழிப்பதும் கௌரவமான முடிவுதான்.

எக்ஸ்ஃபெயில் (ஃபெயில் ஆகும் என்று எதிர்பார்க்கிறேன் என்ற குறி) போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது வேறு வியாதிக்கான மருந்து. பிழை இருக்கிறது, தெரியும், இன்னும் திருத்தவில்லை என்கிற இடத்துக்கு அது. அங்கே ஸ்ட்ரிக்ட்=ட்ரூ சேர்த்துப் போடுங்கள். பிழையை யாராவது திருத்திய அன்று டெஸ்ட் எதிர்பாராமல் பாஸ் ஆகும், அதையே ஃபெயில் என்று காட்டி, "இனி இந்தக் குறி வேண்டாம், எடு" என்று நினைவூட்டும். ஒருநாள் பாஸ் ஒருநாள் ஃபெயில் ஆகிறதற்கு ஸ்ட்ரிக்ட் இல்லாத எக்ஸ்ஃபெயில் போட்டால், இரண்டு முடிவுக்கும் தலையாட்டும். அப்படி ஒரு டெஸ்ட் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

என்பிஎம் டெஸ்ட் -டி "லாகின்" என்று தட்டினால், பெயரில் லாகின் இருக்கும் கோப்புகளின் எல்லா டெஸ்ட்டும் ஓடுகிறது. ஜெஸ்ட் பழுதா?
— வாசகர், திருச்சி

ஜாவாஸ்கிரிப்ட்டின் டெஸ்ட் கருவியான ஜெஸ்ட் நன்றாக இருக்கிறது, அதன் காதில் நீங்கள் சொன்னதில் பாதிதான் விழுந்தது. -டியை, நடுவில் ஜெஸ்ட்டைக் கூப்பிடுகிற என்பிஎம் எடுத்து வைத்துக்கொண்டது. மிச்சம் வந்த "லாகின்" என்பதை ஜெஸ்ட் கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. என்பிஎம் டெஸ்ட் என்பதற்குப் பின் தனியாக இரண்டு சிறுகோடு போட்டு, இடம் விட்டு, அப்புறம் -டி "லாகின்" என்று தட்டுங்கள். அந்த இரண்டு கோட்டுக்குப் பின்னால் வருவதை என்பிஎம் தொடாமல் அனுப்பிவிடும். கார்கோவிலும் இதே கதைதான்: இக்னோர் போட்டவற்றை ஓட்ட, கார்கோ டெஸ்ட், இரண்டு கோடு, பிறகு --இக்னோர்டு.

இதைக் கற்றுக்கொள்ளும் வரை கோப்பில் .ஒன்லி (இதை மட்டும் ஓட்டு என்ற குறி) போட்டு ஓட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஜெஸ்ட்டில் அது அந்தக் கோப்பில் இருக்கும் மற்ற எல்லா டெஸ்ட்டையும் நிறுத்திவிடும். இன்றே ப்ராஜெக்ட் முழுவதும் .ஒன்லி என்று தேடிப் பாருங்கள். மோக்கா, ப்ளேரைட் என்ற மற்ற டெஸ்ட் கருவிகளில் --ஃபர்பிட்-ஒன்லி என்றே ஒரு கொடி உண்டு, பில்ட் சர்வரில் அதைப் போட்டுவைத்தால் .ஒன்லி மிச்சம் இருக்கும் கோடு தாண்டி வராது. ஜெஸ்ட்டுக்கு ஈஎஸ்லின்ட்டில் (கோடைப் படித்துத் தவறு காட்டும் கருவி) அதே வேலையைச் செய்ய நோ-ஃபோகஸ்டு-டெஸ்ட்ஸ் என்ற விதி இருக்கிறது.